துருசுக்கும் கூரைக்கும் இடையே எத்தனை டெசிபெல்? வன்னியில் பாதை இழப்பைக் கணிக்கும் நான்கு வழிகள்

குளத்து நீர்மட்டத்தை வீட்டிலிருந்தே பார்க்க விரும்பும் கமக்காரர் அமைப்புகளுக்குக் கருவி பொருத்தப் போகும் இளைஞர்கள் ஏறக்குறைய ஒரே இடத்தில்தான் தடுமாறுகிறார்கள். குளத்து நீரைத் திறந்துவிடும் துருசுக்குக் கீழே, வாய்க்கால் தலைப்பில் ஓர் உணரி இருக்கிறது. ஐந்து கிலோமீற்றர் தள்ளி அமைப்பின் கட்டடக் கூரையில் அதன் சிக்னலைப் பெறும் வாங்கி இருக்கப் போகிறது. இடையில் வயலும் தேக்கங்காடும் ஆற்றோர மருதுகளும் கிடக்கின்றன. கம்பத்துக்கும் கருவிக்கும் காசு கொடுக்குமுன் சிக்னல் போய்ச் சேருமா என்று சொல்ல வேண்டும். அதற்கு, வழியில் சிக்னல் எவ்வளவு தேயும் என்ற பாதை இழப்பை டெசிபெல் என்ற மடக்கை அளவில் கணிக்க வேண்டும். ஒருவர் தடையே இல்லை என்று கொள்ளும் வெற்றுவெளிச் சூத்திரத்தைப் போட்டுத் தாராளமாகச் சேரும் என்கிறார். இன்னொருவர் கணினி மென்பொருளில் சிவப்புக் கோட்டைக் காட்டிச் சேராது என்கிறார். மூன்றாமவர் போய் அளந்து பார்க்கலாம் என்கிறார். மூவரும் ஒரே நிலத்தைப் பற்றித்தான் பேசுகிறார்கள்.

இந்தக் கட்டுரை முழுவதும் ஒரே எடுத்துக்காட்டை வைத்துக்கொள்கிறேன். அலைவெண் 923 மெகாஹேர்ட்ஸ். தூரம் 5 கிலோமீற்றர். கூரைக் கம்பத்தின் உச்சி நிலத்திலிருந்து 12 மீற்றர். உணரியின் அன்டெனா 3 மீற்றர். குறைந்த வலுவில் தொலைதூரம் சிறு செய்திகளை அனுப்பும் லோரா வகைக் கருவி 14 டிபிஎம் (ஒரு மில்லிவாட்டுடன் ஒப்பிட்டு டெசிபெல்லில் சொல்லும் வலு) வலுவில் அனுப்புகிறது. இரு முனையிலும் 2 டெசிபெல் ஈட்டம் தரும் அன்டெனாக்கள் உள்ளன. லோராவில் விரிவுக் காரணி என்ற அமைப்பைக் கூட்டினால் மெதுவாக அனுப்பி, இன்னும் மெல்லிய சிக்னலைக் கேட்கலாம். பரவலாகக் கிடைக்கும் எஸ்எக்ஸ்1276 சில்லு விரிவுக் காரணி 7இல் சுமார் −123 டிபிஎம் வரையும், 12இல் சுமார் −136 டிபிஎம் வரையும் கேட்கும். எனவே 7இல் 141 டெசிபெல் இழப்பையும் 12இல் 154 டெசிபெல் இழப்பையும் தாங்கலாம். உங்கள் கருவி எந்த அலைவெண்ணில் எவ்வளவு வலுவுடன் இயங்கலாம் என்பதை இலங்கைத் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழுவின் விதிகளில் பார்த்துக்கொள்ள வேண்டும். இங்குள்ளவை கணக்குக்காக எடுத்த எண்கள்.

## எவற்றை வைத்து எடைபோடுவது

முதலாவது அளவுகோல், அந்த வழிக்கு மரம் தெரியுமா என்பது. மலைநாட்டில் மலைமுகடும் கொழும்பில் கட்டடமும் சிக்னலை மறிக்கின்றன. வவுனியாவில் கடல்மட்டத்திலிருந்து சுமார் 100 மீற்றர் உயரத்தில் இருக்கும் நிலம் வடக்கேயும் கரைப்பக்கமும் மெல்லச் சரிந்துகொண்டே போகும் வன்னியில் மறிப்பவை பாலையும் வீரையும் முதிரையும் தேக்கும்தான். மற்ற எல்லா அளவுகோல்களையும் சேர்த்தாலும் இதற்கு ஈடாகாது என்பது என் கருத்து.

இரண்டாவது, அந்த வழி எந்த உயரத்துக்கும் தூரத்துக்கும் அலைவெண்ணுக்கும் உருவாக்கப்பட்டது என்பது. மூன்றாவது, அதன் பிழை எவ்வளவு பெரியது, அந்தப் பிழையை நம்மிடமுள்ள மிச்சம் (தாங்கக்கூடிய இழப்பில் கணித்த இழப்பைக் கழித்தால் வருவது) தாங்குமா என்பது. நான்காவது, செலவு: இதில் பணத்தைவிட நடையும் நாட்களும் அனுமதிகளும்தான் அதிகம். கடைசியாக, புரட்டாதியில் கிடைத்த விடை மார்கழியிலும் நிற்குமா என்று கேட்க வேண்டும்.

## முதல் வழி: கடதாசிக் கணக்கு

வெற்றுவெளி இழப்பு 1946இல் ஹரால்ட் ஃபிரிஸ் வெளியிட்ட தொடர்பிலிருந்து வருகிறது. தூரத்தைக் கிலோமீற்றரிலும் அலைவெண்ணை மெகாஹேர்ட்சிலும் எடுத்து, இரண்டின் மடக்கையையும் தனித்தனியே 20ஆல் பெருக்கிக் கூட்டி, அதனுடன் 32.44ஐச் சேர்த்தால் டெசிபெல்லில் விடை கிடைக்கும். நமது எடுத்துக்காட்டுக்கு 106 டெசிபெல் வருகிறது. தாங்கக்கூடிய 141இல் 35 டெசிபெல் மிச்சம் இருப்பதைப் பார்த்தவுடன் பலர் கருவியை வாங்கிவிடுகிறார்கள்.

ஆனால் 5 கிலோமீற்றர் பாதையின் நடுவில் முதலாம் ஃபிரெனல் வலயத்தின் (நேர்கோட்டைச் சுற்றி அலை பரவிச் செல்லும் நீள்வட்ட இடத்தின்) ஆரை, இந்த அலைவெண்ணில், 20 மீற்றர். அதில் அறுபது சதவீதமாவது, அதாவது 12 மீற்றராவது, தடையின்றி இருந்தால்தான் வெற்றுவெளிக் கணக்கை நம்பலாம். 12 மீற்றர் கம்பத்துக்கும் 3 மீற்றர் அன்டெனாவுக்கும் இடையே இழுத்த கோடு நடுவில் நிலத்திலிருந்து 7.5 மீற்றரில்தான் போகிறது. பூமியின் வளைவு அதிலும் 37 சென்ரிமீற்றர் எடுத்துவிடுகிறது. மொட்டை வயலே ஆனாலும், நிலம் அந்த வலயத்துக்குள் நுழைந்துவிட்டது.

ஆகவே கடதாசியில் கணக்குப் போடுபவர் இருகதிர்க் கணக்கைப் போட வேண்டும். நேரே வரும் கதிரும் நிலத்தில் பட்டுத் தெறிக்கும் கதிரும் ஒன்றையொன்று அழிப்பதை இது கணக்கில் எடுக்கிறது. இந்த உயரங்களுக்குச் சுமார் 1.4 கிலோமீற்றருக்கு அப்பால் இழப்பு பத்து மடங்கு தூரத்துக்கு 20 டெசிபெல் என்ற விகிதத்தை விட்டு 40 டெசிபெல்லாக ஏறத் தொடங்குகிறது. 5 கிலோமீற்றரில் 117 டெசிபெல். வெற்றுவெளிக் கணக்கைவிட 11 டெசிபெல் கூடுதல். தண்ணீர் நிற்கும் வயலில் ஒன்றாகவும் நெல் நிமிர்ந்த வயலில் வேறாகவும் தெறிக்குமே என்று ஒருவர் கேட்டார். இத்தனை சாய்வாகப் படும் அலைக்கு, பல மீற்றர் மேடுபள்ளம் இருந்தாலன்றி நிலம் கண்ணாடியாகவே தெரியும். இடுப்பளவு நெல் அதற்கு ஒரு பொருட்டல்ல.

இருகதிர்க் கணக்கின் உண்மையான பயன் உயரத்துக்கு விலை சொல்வதுதான். ஒரு முனையின் உயரத்தை இரட்டிப்பாக்கினால் 6 டெசிபெல் கிடைக்கும். அனுப்பும் வலுவை நான்கு மடங்காக்கினால் கிடைப்பதும் அதே 6தான். வாய்க்கால் தலைப்பில் 3 மீற்றரில் நிற்கும் அன்டெனாவை, பக்கத்தில் ஆறு மீற்றர் உயர்ந்து நிற்கும் குளக்கட்டின் மேல் ஏற்றினால் 9 மீற்றர் ஆகி 9.5 டெசிபெல் கிடைக்கிறது. அந்த ஆறு மீற்றரையும் மெல்லிய ஆர்ஜி 58 கேபிளில் இழுத்தால் அதில் ஏறக்குறைய மூன்று டெசிபெல்லைக் கேபிளே விழுங்கிவிடும். வானொலிப் பெட்டியைக் கட்டின் மேல் வைத்து, உணரியின் கம்பியை மட்டும் கீழே இறக்குவதே முறை.

மரத்தைப் பற்றி இந்த இரு கணக்குகளுக்கும் ஒன்றும் தெரியாது. அதற்கென ஒரு கூட்டல் உண்டு. மெகாஹேர்ட்சில் அலைவெண்ணின் 0.3ஆம் அடுக்கையும், இலைக்குள் மீற்றரில் தூரத்தின் 0.6ஆம் அடுக்கையும் பெருக்கி, 0.2ஆல் பெருக்கும், சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் பழைய சூத்திரம் அது. நூறு மீற்றர் அடர்ந்த மரங்களுக்கு அது 25 டெசிபெல் சொல்கிறது. வைஸ்பேர்கர் என்பவரின் சூத்திரம் அதே இடத்துக்கு 19 அல்லது 20 சொல்கிறது. இரண்டும் 400 மீற்றர் வரைக்குமே உரியவை. அதற்கு மேல் அலை மரக்கூரைக்கு மேலால் ஏறி வளைந்து இறங்குவதே முதன்மையான வழியாகிவிடுகிறது. கரடுமுரடாகவேனும் 117உடன் 25ஐக் கூட்டிப் பாருங்கள்: 142. விரிவுக் காரணி 7இல் நம்மிடம் இருந்தது 141. வெற்றுவெளிக் கணக்கு காட்டிய 35 டெசிபெல் மிச்சம் ஒரு தேக்கந்தோப்பில் முழுவதுமாகக் கரைந்துவிட்டது.

## இரண்டாம் வழி: ஒக்குமுரா – ஹாட்டா

ஜப்பானிய ஆய்வாளர் ஒக்குமுராவும் அவருடைய குழுவினரும் தோக்கியோ வட்டாரத்தில் சிக்னலை அளந்து 1968இல் வெளியிட்ட வரைபுகளை ஹாட்டா 1980இல் சூத்திரமாக்கினார். பாடநூல்களில் முதலில் வருவது இதுதான். இணையத்தில் கணிப்பான்களும் நிறையக் கிடைக்கின்றன. அதனாலேயே வன்னிக்கு இது ஆபத்தானது என்று நினைக்கிறேன்.

இதன் எல்லைகள் தெளிவானவை: அலைவெண் 150 முதல் 1500 மெகாஹேர்ட்ஸ் வரை, தள அன்டெனா 30 முதல் 200 மீற்றர் வரை, கையடக்க முனை 1 முதல் 10 மீற்றர் வரை, தூரம் 1 முதல் 20 கிலோமீற்றர் வரை. நமது 12 மீற்றர் கம்பம் வாசலிலேயே நின்றுவிடுகிறது. இருந்தும் 12 என்று கொடுத்தால் கணிப்பான் முகம் சுளிக்காமல் ஒரு விடையைத் தந்துவிடும்.

கம்பத்தை 30 மீற்றராக உயர்த்தி முறைப்படியே போட்டாலும், நகரம் என்றால் 147, புறநகர் என்றால் 137, திறந்தவெளி என்றால் 119 டெசிபெல் வருகிறது. ஒரு சொல்லை மாற்றினால் 28 டெசிபெல் மாறுகிறது. மாங்குளத்துக்கும் ஒட்டுசுட்டானுக்கும் இடையிலுள்ள காட்டுப் பாதை இவற்றில் எது? தோக்கியோவின் திறந்தவெளியும் அல்ல, புறநகரும் அல்ல. வேண்டிய விடையைத் தரும் சொல்லைத் தெரிவு செய்யும் ஆசை எவருக்கும் வரும். ஒரு நிறுவனம் எங்கள் பகுதியில் இப்படித்தான் திறந்தவெளி என்று போட்டு அறிக்கை தந்தது. அறிக்கையில் பிழை என்று எதையும் சுட்டிக்காட்ட முடியவில்லை, இணைப்பு மட்டும் கிடைக்கவில்லை.

ஏ9 வீதியோரக் கோபுரம் ஒன்றிலிருந்து கிளிநொச்சி நகரத்தின் பெரும்பகுதிக்கு எவ்வளவு சிக்னல் பரவும் என்று பொதுப்படையாக மதிப்பிட வேண்டியவருக்கு இது பொருந்தும். ஒரு துருசுக்கும் ஒரு கூரைக்கும் பொருந்தாது.

## மூன்றாம் வழி: நில உயரத் தரவும் மென்பொருளும்

ரேடியோ மொபைல், ஸ்ப்ளாட் போன்ற இலவச மென்பொருள்கள், மேடுபள்ளத்தைப் பார்த்து இழப்பைக் கணிக்கும் லோங்லி–ரைஸ் கணக்கை நில உயரத் தரவுடன் சேர்த்து ஓட்டுகின்றன. 20 மெகாஹேர்ட்சிலிருந்து 20 கிகாஹேர்ட்ஸ் வரை செல்லும். வளைந்து போகும் இழப்பையும் பூமி வளைவையும் தானே பார்த்துக்கொள்ளும். உட்கார்ந்த இடத்திலிருந்தே ஒரு மாலைக்குள் பத்துக் கம்ப இடங்களை ஒப்பிட்டுவிடலாம்.

இங்கே குறை, தரவில் இருக்கிறது. பெரும்பாலானோர் பயன்படுத்தும் உயரத் தரவு 2000 பெப்ரவரியில் எண்டெவர் விண்ணோடம் பதினொரு நாட்களில் ரேடாரால் எடுத்தது. அதன் உயரப் பிழைக்கு வகுக்கப்பட்ட எல்லை 16 மீற்றர். நமது பாதையிலோ நிலம் ஏறி இறங்குவதே சில மீற்றர்தான். வெளியே பதுளையில் இந்தத் தரவு மலையைச் சரியாகக் காட்டும். வன்னியில் அது காட்டும் மேடு மேடுதானா, தரவின் நடுக்கமா என்று பிரித்தறிய முடியாது.

இன்னொன்று, அந்த ரேடாரின் அலைநீளம் ஐந்தரை சென்ரிமீற்றர் அளவானது. அது அடர்ந்த இலைகளுக்குள் முழுதாக இறங்கித் தரையைத் தொடாது; காடு இருக்கும் இடத்தில் மரத்தின் உயரத்தில் ஒரு பகுதியையும் சேர்த்தே எழுதிவைக்கும். மென்பொருளுக்கு அது மண்மேடாகத் தெரியும். 2000 பெப்ரவரியில் நின்ற காடு அது. இடம்பெயர்ந்து கிடந்த காணிகள் பற்றையேறியதும், 2009க்குப் பின் மக்கள் திரும்பி அவற்றை வெட்டித் திறந்ததும், அன்று கன்றாக இருந்த தேக்குகள் வளர்ந்ததும் அந்தத் தரவில் இல்லை. மென்பொருள் காட்டும் மேட்டில் இன்று ஒருவருடைய வீட்டு முற்றம் இருக்கலாம்.

ஆகவே இதை இடங்களை வரிசைப்படுத்த மட்டும் வைத்துக்கொள்வது நல்லது. இந்தக் கூரையா, அந்தத் தண்ணீர்த் தாங்கியா என்ற கேள்விக்கு ஒழுங்கான விடை தரும். எத்தனை டெசிபெல் என்ற கேள்விக்கு அது தரும் எண்ணை எழுதி ஒப்பமிட நான் தயாரில்லை. அண்மைய செய்மதிப் படத்தை அருகில் திறந்துவைத்து, பாதை நெடுகிலும் காடு எத்தனை மீற்றர் என்று அளந்துகொள்வது மென்பொருளைவிடப் பயன்தரும்.

## நான்காம் வழி: போய் அளப்பது

மடக்கைத் தூர மாதிரி எளிமையானது. ஒரு தெரிந்த தூரத்து இழப்பை அடியாக வைத்து, தூரம் பத்து மடங்காகும்போது இழப்பு எவ்வளவு ஏறுகிறது என்பதை அளவுகளிலிருந்தே பெறுகிறோம். அந்த ஏற்றத்தைப் பத்தால் வகுத்தால் வருவது இழப்பு அடுக்கு. வெற்றுவெளியில் அது 2. கோட்டைச் சுற்றி அளவுகள் சிதறிக் கிடக்கும் நியமவிலகலும் அதே கணக்கில் கிடைக்கிறது. அடுக்கைவிட இந்தச் சிதறலே முடிவுக்கு முக்கியமானது. சிதறல் 8 டெசிபெல் என்றால், நூற்றுக்குத் தொண்ணூறு இடங்களில் சேர 1.28 மடங்கு, அதாவது ஏறக்குறைய 10 டெசிபெல் மிச்சம் வேண்டும், தொண்ணூற்றைந்துக்கு 13.

முதலில் கருவியைச் சோதிக்க வேண்டும். அறுவடை முடிந்த வயலில் இரண்டு மீற்றர் கம்புகளில் இரு பெட்டிகளையும் கட்டி, நூறு மீற்றர் இடைவெளியில் நிறுத்தினால் −54 டிபிஎம் அளவில் வர வேண்டும். நிலத்தெறிப்பால் மூன்று நான்கு டெசிபெல் ஏறலாம். பத்து டெசிபெல் குறைந்தால் காற்றைக் குறை சொல்லாமல் அன்டெனாத் திருகாணியைப் பாருங்கள்.

அடுத்தது, ஓர் இடத்தில் ஓர் அளவு எடுப்பது அளவே அல்ல. 923 மெகாஹேர்ட்சில் அலைநீளம் 32 சென்ரிமீற்றர். குளக்கட்டில் நின்று கம்பை ஒரு சாண் இடப்பக்கம் நகர்த்தினால், திரையில் −104 என்றிருந்தது −113 ஆகும். மீண்டும் ஒரு சாண் நகர்த்தினால் −102. எதுவும் பழுதாகவில்லை, பல கதிர்கள் கூடியும் கழிந்தும் நிற்கும் இயல்பு அது. நாற்பது அலைநீளம், அதாவது 13 மீற்றர், நடந்துகொண்டே ஐம்பது அளவுகள் எடுப்பது லீ என்பவர் வகுத்த பழைய நியதி. கம்பை நெஞ்சோடு அணைத்துப் பிடிக்கக் கூடாது, உடம்பும் தண்ணீர்தான்.

எஸ்எக்ஸ்1276 போன்ற சில்லுகளில் இன்னொரு பொறி உண்டு. சிக்னல் இரைச்சலுக்குக் கீழே போனதும், காட்டப்படும் வலு இரைச்சலின் மட்டத்திலேயே ஒட்டிக்கொள்ளும். அப்போது சிக்னல்–இரைச்சல் விகிதத்தையும் கூட்டினால்தான் உண்மையான வலு கிடைக்கும்: −115 என்று காட்டி விகிதம் −12 என்றால், வந்தது −127. உங்கள் நிரல் இந்தக் கூட்டலைச் செய்கிறதா என்று பார்க்காமல் வரைபு போட்டால், தூரம் கூடக் கூட இழப்பு ஏறாத ஓர் அதிசய நிலம் கிடைக்கும்.

எல்லாவற்றிலும் பெரிய பிழை, வராத பொதிகள் (கருவி ஒவ்வொரு முறையும் அனுப்பும் சிறு செய்திகள்). தொலைவில் ஐம்பது அனுப்பிப் பதினைந்து வந்தால், அந்தப் பதினைந்தின் சராசரி நல்ல எண்ணாகவே இருக்கும். வலுவாக இருந்தவை மட்டும் வந்து சேர்ந்தன, மற்றவை கணக்கிலேயே இல்லை. ஒவ்வொரு பொதிக்கும் இலக்கம் கொடுத்து, வராதவற்றை ‘எல்லைக்குக் கீழ்’ என்று எழுதி, சராசரிக்குப் பதில் இடைநிலைப் பெறுமானத்தை எடுக்க வேண்டும். பாதிக்கு மேல் வந்திருந்தால் அது உண்மையைச் சொல்லும். பாதிக்கும் குறைவாக வந்தால் அந்த இடத்தில் இழப்பு எல்லையைவிடக் கூடியது என்று மட்டும் எழுதலாம்.

இந்த வழியின் மறைந்த செலவு நடையில் இருக்கிறது. குளக்கட்டுக்கு நீர்ப்பாசனத் திணைக்களத்திடமும், காட்டுக்குள் என்றால் வனத்துறையிடமும் கேட்க வேண்டும். கம்பும் கம்பியுமாக நடப்பவரை நிறுத்தி விளக்கம் கேட்பது இங்கே இயல்பு. கமக்காரர் அமைப்பின் கடிதமொன்று சட்டைப்பையில் இருக்கட்டும். மிதிவெடிப் பலகை இருக்கும் பக்கமோ, துப்புரவாக்கப்பட்டதென்று உறுதியில்லாத பற்றைக்குள்ளோ ஓர் அளவுக்காகவும் கால் வைக்கக் கூடாது. வீதி, கட்டு, வாய்க்கால் கரை, உழுத வயல் ஆகியவற்றோடு நில்லுங்கள். பொழுது சாயுமுன் திரும்பிவிடுவது யானைக்காக. இதனால் அளவுகள் திறந்த இடங்களுக்கே சாய்ந்துவிடும் என்பதையும் மறக்கக் கூடாது: வீதியில் அளந்த அடுக்கு காட்டுக்குப் பின்னாலுள்ள துருசுக்குச் செல்லாது. உணரி நிற்கப்போகும் அந்த ஓரிடத்திலாவது முழு அளவு எடுத்தே ஆக வேண்டும்.

பருவம் பற்றி என் சொந்தப் பிழையைச் சொல்கிறேன். ஆவணியில் அளந்தேன், தேக்கங்காடு இலையுதிர்த்து விறகுபோல் நின்றது. கிடைத்த மிச்சத்தைப் பார்த்து மனம் நிறைந்து, குட்டைக் கம்பமே போதும் என்று எழுதிக் கொடுத்தேன். கார்த்திகை மழையில் இலை தழைத்து நனைந்ததும் பொதிகள் விட்டு விட்டு வந்தன. குளம் நிரம்பி வான் பாய்ந்த இரவில், எல்லோரும் கைத்தொலைபேசியைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, திரையில் மாலை நான்கு மணியின் அளவே நின்றது. மழைதான் மறித்தது என்று பலர் சொன்னார்கள். இந்த அலைவெண்ணில் மழைத்துளிகள் எடுப்பது ஒன்றுமில்லை; எடுத்தது இலையில் நின்ற தண்ணீர்.

## பக்கத்தில் வைத்துப் பார்த்தால்

| வழி | நம் எடுத்துக்காட்டில் விடை | மரம் தெரியுமா | மறைந்த செலவு |
|---|---|---|---|
| வெற்றுவெளி | 106 டெசிபெல் | தெரியாது | பொய்யான நம்பிக்கை |
| இருகதிர் | 117. நூறு மீற்றர் மரத்துடன் 142 | கூட்டலால் மட்டும் | மரத்தின் நீளத்தை வேறாக அளக்க வேண்டும் |
| ஹாட்டா (30 மீற்றர் கம்பம்) | 119 முதல் 147 வரை | தெரியாது | சொல்லைத் தெரிவு செய்யும் சபலம் |
| நில உயர மென்பொருள் | இடத்துக்கு இடம் மாறும் | 2000ஆம் ஆண்டுக் காட்டை மேடாகக் காட்டும் | தரவின் பிழை நிலத்தின் ஏற்ற இறக்கத்தைவிடப் பெரிது |
| சொந்த அளவீடு | அந்தப் பாதைக்கே உரியது | தெரியும், அந்தப் பருவத்துக்கு | நடை, அனுமதி, மாரியில் மறு அளவு |

## எந்த நிலையில் எது

ஒரு குளக்கட்டிலிருந்து எதிர்க்கட்டுக்கு, தண்ணீருக்கு மேலால், கண்ணுக்குக் கண் தெரியும்படி 5.8 கிகாஹேர்ட்ஸ் வைஃபை இணைப்பு வேண்டுமென்றால் கடதாசிக் கணக்கே போதும். 5 கிலோமீற்றரில் ஃபிரெனல் ஆரை 8 மீற்றர்தான். அதில் அறுபது சதவீதம் விடுபட்டிருப்பதை உறுதிசெய்துவிட்டு வெற்றுவெளியின் 122 டெசிபெல்லை நம்பலாம். ஆனால் அந்தப் பாதையில் மருதமரங்கள் தலைநீட்டினால் கணக்கு முடிந்தது: வைஸ்பேர்கரின் சூத்திரத்தில், நூறு மீற்றர் இலைக்கு இந்த அலைவெண்ணில் 33 டெசிபெல் போய்விடும்.

பத்துக் குளங்களுக்கு எத்தனை வாங்கிகள் வேண்டும் என்று வரவுசெலவுத் திட்டம் எழுதுபவர் மென்பொருளில் இடங்களை வரிசைப்படுத்தி, ஒவ்வொரு பாதைக்கும் இருகதிரும் மரக்கூட்டலும் போட்டு, அதற்கு மேல் 10 டெசிபெல்லாவது வைத்து எழுதலாம். அந்தத் திட்டம் ஒப்புதலானபின், மோசமாகத் தெரியும் இரண்டு மூன்று பாதைகளை மட்டும் அளந்தால் போதும்.

பாதையில் காடு இருக்கிறது, ஒரே ஓர் இணைப்பு, அதுவும் வான் பாயும் நாளில் வேலை செய்ய வேண்டும் என்றால், அளவீட்டைத் தவிர வேறு வழியை நான் சொல்லமாட்டேன். அதைக் கார்த்திகைக்கும் தைக்கும் இடையில், முந்தைய இரவு மழை பெய்த காலையில் செய்யுங்கள். வறட்சியில்தான் நேரம் வாய்க்கிறது என்றால், கிடைக்கும் இழப்புடன் இன்னும் பத்து டெசிபெல் கூட்டிவிட்டுப் பாருங்கள். பத்து என்பது என் அனுபவத்தில் வைத்த எண், சூத்திரம் அல்ல. அப்போதும் மிச்சம் போதவில்லை என்றால், விரிவுக் காரணியை 12க்கு ஏற்றிப் பற்றரியைக் கரைப்பதற்குமுன் அன்டெனாவைக் கட்டின் மேல் ஏற்றிப் பாருங்கள். அதுவும் போதாவிட்டால், அந்த முனையை மரக்கூரைக்கு மேலே கொண்டுபோகும் ஒரு கம்பத்துக்கு விலை கேளுங்கள்.